வெயில் தாழ்ந்ததும் கிளம்பிவிடும் பஸ்

கல்லூரி மாணவர்கள் ஏன் உடற்பயிற்சி செய்வதில்லை என்று கேட்டால் பெரியவர்களிடம் பதில் தயாராக இருக்கிறது: சோம்பல், செல்போன். மாணவர்களைக் கேட்டால் நேரமில்லை என்பார்கள். அதைச் சாக்கு என்று தள்ளிவிடுகிறோம். ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையோரம் இருக்கும் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியின் நாளை மணிவாரியாகப் பார்த்தால் அது சாக்கு இல்லை என்பது புரியும். தமிழ்நாட்டு வெயிலில் வருஷத்தின் பெரும்பகுதி மைதானத்தில் ஓடியாட முடிவது காலை எட்டுக்கு முன்பும் மாலை ஐந்துக்குப் பின்பும்தான். அந்த இரண்டு வேளையிலும் வீட்டிலிருந்து வந்துபோகும் மாணவர் காலேஜ் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறார். காலை ஆறரைக்கே ஸ்டாப்பில் நிற்க வேண்டும். கடைசி வகுப்பு முடிந்த கால் மணி நேரத்தில் பஸ்கள் வரிசையாகக் கிளம்பிவிடும். அதைத் தவறவிட்டால் வீடு போய்ச் சேருவது பெரும்பாடு. விடுதி மாணவிக்கு பஸ் கவலை இல்லை, ஆனால் பல விடுதிகளில் ஆறு, ஆறரைக்கெல்லாம் கேட் பூட்டப்படும். வகுப்பு விட்டு வந்து, துப்பட்டாவும் சுடிதாருமாக இருப்பவள் உடை மாற்றி, ஷூ மாட்டி, ஆண்கள் கிரிக்கெட் ஆடும் மைதானத்தின் ஓரத்தில் நாலு சுற்று நடப்பதற்குள் திரும்பும் நேரம் வந்துவிடும்.

இதைச் சோம்பல் என்று சொல்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2022 நிலவரப்படி இந்தியாவில் வயது வந்த ஆண்களில் சுமார் 42 சதவீதத்தினரும் பெண்களில் சுமார் 57 சதவீதத்தினரும் இந்த அளவை எட்டவில்லை என்று அதன் ஆய்வாளர்கள் 2024இல் மதிப்பிட்டார்கள். வேலை, நடை, வீட்டு வேலை எல்லாம் சேர்ந்த கணக்கு இது. பெண்கள் ஆண்களைவிடச் சோம்பேறிகள் என்று நம் வீடுகளைப் பார்த்த யாரும் சொல்ல மாட்டார்கள். அப்படியானால் இந்த இடைவெளிக்கு மனசு காரணமல்ல. வெளியே இறங்கும் வாய்ப்புதான் காரணம்.

இரவு பன்னிரண்டு வரை ரீல்ஸ் பார்க்க மட்டும் நேரமிருக்கிறதா என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அந்த நேரம் கட்டிலில் கிடைக்கிறது, மைதானத்தில் இல்லை. செல்போனுக்கு ஷூ வேண்டாம், துணை வேண்டாம், வார்டனின் அனுமதியும் வேண்டாம். வாய்ப்புக் கொடுத்தாலும் பலர் வரமாட்டார்கள் என்பது இதைவிட வலுவான வாதம், அதில் உண்மையும் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆதரவில் நாட்டின் நான்கு பகுதிகளில் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், தமிழ்நாட்டினரில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் பொழுதுபோக்காக எந்த உடற்பயிற்சியும் செய்யாதவர்கள். ப்ளஸ் டூவில் பி.டி. பீரியடை கணக்கு வாத்தியாருக்குத் தாரைவார்த்த பள்ளிகளிலிருந்து வருகிறவர்கள், விளையாட்டு என்றால் டீமில் இருப்பவர்களின் சமாச்சாரம் என்றே பழகியிருக்கிறார்கள். பழக்கம் இல்லாதவருக்கு அறிவுரை உதவாது. நாளுக்குள்ளேயே அதற்கென்று ஓர் இடம் வேண்டும்.

வாரம் இரண்டு நாள் கடைசி ஒரு மணி நேரத்தை மதிப்பெண்ணும் போட்டியும் இல்லாமல் நடக்க, ஓட, ஷட்டில் ஆட ஒதுக்கலாம். வெயில் தாழ்ந்த பிறகும் ஆட முடியும்படி அந்த நாட்களில் எல்லா பஸ்களும் ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்பட்டும். பாடம் குறையும் என்று பயப்படத் தேவையில்லை. மதியம் மூன்றரைக்கு மேல் எத்தனை பேர் பாடத்தைக் கவனிக்கிறார்கள் என்பது ஆசிரியர்களுக்கே தெரியும். பாதுகாப்பு என்று பெற்றோர் கவலைப்படுவது நியாயம்தான். அதற்கு மைதானத்தில் விளக்கும், ஒரு பெண் பயிற்சியாளரும், இனி எட்டு மணி வரை திறந்திருக்க வேண்டிய விடுதி கேட்டில் ஒரு காவலரும் போதும். முதலில் இதைச் செய்ய வேண்டியது பெண்கள் விடுதியில்.