ஐம்பது பைசா அறக்கட்டளை

ஸ்ரீரங்கம் கோயிலில் 2012 செப்டம்பரில் தொடங்கிய நாள் முழுக்க அன்னதானத்துக்குப் பணம் வரும் வழி எல்லாருக்கும் தெரிந்ததுதான். உண்டியலில் போடலாம், ரசீது வாங்கலாம். தாத்தாவின் திதியன்று வருஷா வருஷம் சோறு போட வேண்டுமென்றால் ஒரு தொகையை முதலாகக் கட்டிவிட்டால் வட்டியில் நடக்கும். கட்டளை என்று நம் கோயில்கள் தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கும் ஏற்பாடு இது. காவிரிப் பாலத்தைத் தாண்டித் திருச்சிக்குள் வந்தால், எவரும் கட்டளை எழுதிவைக்காத தர்மம் ஒன்று இருக்கிறது. கக்கூஸ் கழுவுவது.

1990களில் திருச்சிக் குடிசைப் பகுதிகளில் பொதுக் கழிப்பறை இல்லாமல் இல்லை. கட்டியிருந்தார்கள். பலவற்றில் தண்ணீர் வராது, விளக்கு எரியாது, கதவு இருக்காது. பெண்கள் இருட்டும்வரை அடக்கிக்கொண்டு காத்திருந்தார்கள். பிள்ளைகள் சாக்கடையோரம் உட்கார்ந்தார்கள். வயிற்றுப்போக்கு வந்த பிள்ளைக்கு மருந்துச் செலவு, தூக்கிக்கொண்டு அலைந்ததில் போன கூலி, இரண்டுக்குமாக வாங்கிய வட்டிக் கடன். கூலி வீடுகளில் வறுமை பெரும்பாலும் இந்த வாசல் வழியாகத்தான் நுழைகிறது.

1987-இல் எஸ். தாமோதரன் திருச்சியில் தொடங்கிய கிராமாலயா என்ற தொண்டு நிறுவனம், வாட்டர் எய்டு என்ற வெளிநாட்டு அமைப்பு தந்த நிதியோடும் மாநகராட்சியின் ஒத்துழைப்போடும் இந்தக் கழிப்பறை வேலையில் இறங்கியது. கட்டுவதற்கு வெளிநாட்டுப் பணம் வந்ததில் அதிசயமில்லை. கட்டடத்துக்குக் கொடுக்க எப்போதும் ஆள் உண்டு, கல்வெட்டில் பேர் வருமே! பிளீச்சிங் பவுடருக்கு யார் கொடுப்பார்?

அந்தந்தப் பகுதிப் பெண்களே கொடுத்தார்கள். மகளிர் சுய உதவிக் குழுக்காரர்கள் முறைபோட்டு வாசலில் உட்கார்ந்து டோக்கன் கிழித்தார்கள். ஒரு தடவைக்கு 50 பைசா. பிள்ளைகளுக்கு இலவசம். காசு கேட்டால் பிள்ளை மறுபடி சாக்கடைக்குத்தான் போகும், நோய் எல்லார் வீட்டுக்கும் வரும் என்ற விவரமான கணக்கு அது. கூலி, மின்கட்டணம், சுத்தம் செய்யும் செலவு எல்லாம் போக மிஞ்சியது குழுவின் வங்கிக் கணக்கில் சேர்ந்தது. 2002-இல் திருச்சியின் கல்மந்தை, திறந்தவெளியில் யாரும் ஒதுங்காத குடிசைப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. நாட்டிலேயே முதலாவது என்றார்கள். தாமோதரனுக்கு 2022-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

எனக்கு இதில் ஓர் உறுத்தல் உண்டு. வீட்டில் நான்கு பெரியவர்கள், ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு தடவை என்றாலே மாதம் 60 ரூபாய். அன்றைய கூலிக் குடும்பத்துக்கு அது சில்லறையா? நகரம் செய்துகொடுத்திருக்க வேண்டியதை ஏழைகள் காசு கொடுத்து வாங்கினார்கள் என்றும் சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். ஆனாலும், நன்கொடை நின்ற மறுமாதமே பூட்டு விழும் திட்டங்களைப் பார்த்துச் சலித்தவன் என்பதால், அந்த 50 பைசாவுக்கே என் ஓட்டு.

கட்டட நிதி கேட்டு யாராவது உங்களிடம் வந்தால், ஐந்தாம் வருஷத்து மின்கட்டணத்தை யார் கட்டுவார்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் இல்லையென்றால் உங்கள் பணம் அந்த மின்கட்டணத்துக்கே போகட்டும்.

அடுத்த வாரம் முசிறிக்குப் போவோம்.

(தொடரும்)