கல் கட்டாத பவளம்

பூதப்பாண்டியில் தண்ணீருக்கு என்ன பஞ்சம்! ஊரை ஒட்டிப் பழையாறு ஓடுகிறது. குளமும் கால்வாயும் வயலுமாகத் தோவாளை வட்டத்தில் ஈரத்துக்குக் குறைவில்லை. கண்ணாடித் தொட்டியில் கப்பியும் கோல்டுஃபிஷ்ஷும் வளர்க்கிறவருக்குக் கிணற்றுத் தண்ணீரே போதும். அதே ஊரில் ஒருவர் கடல்தொட்டி வைத்துப் பவளம் வளர்க்க ஆசைப்பட்டால் கதை மாறிவிடும். கடல் ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

கேனைக் கட்டிக்கொண்டு மணக்குடிக்குப் போய் அள்ளிவந்தால் ஆயிற்று என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் பழையாறு கடலில் கலக்கும் இடமே மணக்குடிதான். பூதப்பாண்டியைக் கடந்துபோன அதே நன்னீர் அங்கே உப்பின் செறிவைக் குறைத்துவிடுகிறது. குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஆற்றில் வெள்ளம் ஏறும் மாதங்களில் கழிமுகத் தண்ணீரை நம்பவே முடியாது. பவளத்துக்கு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு வேண்டும், அதுவும் ஏறாமல் இறங்காமல். பெரிய ஆற்றுமுகங்களில் பவளத்திட்டுகள் உருவாகாததற்கு நன்னீரும் அது அடித்துவரும் வண்டலுமே காரணம்.

ஆகவே தொட்டி வைப்பவர்கள் ஆர்.ஓ. தண்ணீரில் கடலுப்புக் கலவையைக் கரைத்துக்கொள்கிறார்கள். 200 லிட்டர் தொட்டிக்கு ஏழு கிலோ பிடிக்கும். பக்கத்தில் புத்தளத்து உப்பளம் இருக்கும்போது இதைக் காசு கொடுத்து வாங்குவானேன் என்று கேட்கலாம். உப்பளத்தில் கடல்நீர் காயும்போது கால்சியம் முதலில் ஜிப்சமாகப் படிந்துவிடுகிறது. பிறகு கல்லுப்பு விளைகிறது. மெக்னீசியம் கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரோடு போய்விடுகிறது. சோற்றுக்கு அந்த உப்பு உகந்தது. பவளம் கேட்பதோ, உப்பளம் கழித்துவிட்ட அந்த இரண்டையும்தான்.

ஏன் கேட்கிறது என்பதில்தான் கடல்தொட்டிக்காரர்களின் பாடு முழுவதும் அடங்கியிருக்கிறது. பவளப்பூச்சி என்று சொல்கிறோமே, அது பூச்சி அல்ல. கடற்கரைக்காரர்கள் சொறி என்று சொல்லும் ஜெல்லிமீனுக்கும் கடல் சாமந்திக்கும் உறவுக்கார விலங்கு. ஒரு சிறு பை, அதன் மேல்புறம் ஒரு வாய், வாயைச் சுற்றிக் கைகள், அவ்வளவுதான் உடம்பு. அதன் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெயிலில் சமைக்கும் சர்க்கரையின் பெரும்பகுதி பவளத்துக்குப் போகிறது. கற்பவளம் அந்தத் தெம்பில், தண்ணீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் உறிஞ்சித் தனக்குக் கீழே கல் கட்டிக்கொண்டே போகும். மன்னார் வளைகுடாவிலும் காணப்படும் அக்ரோபோரா என்ற கிளைப்பவளங்களில் வேகமாக வளரும் சில இனங்கள் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டருக்கு மேல் நீளும்.

கடலில் இது ஒரு செலவே இல்லை. 200 லிட்டர் தொட்டியில் நிலைமை வேறு. லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம் கால்சியம் இருக்க வேண்டிய தண்ணீரில் அது நாளுக்கு நாள் இறங்கும். கூடவே தண்ணீரின் காரத்தன்மையும் இறங்கும். இறங்கியதைத் தினமும் அளந்து ஊற்ற வேண்டும். ஒரு நாள் மறந்து, மறுநாள் இரண்டு பங்காக ஊற்றினால் கிளைநுனிகள் கருகும். சில சமயம் ஒரே இரவில் சதை உரிந்து வெள்ளைக் கல் மட்டும் நிற்கும். இதற்காகவே மருந்துச் சொட்டுபோல விடும் பம்புகள், நைட்ரேட்டைக் குறைக்க நுரை கக்கும் ஸ்கிம்மர், சூரியனுக்குப் போட்டியாக எல்.ஈ.டி. விளக்கு, அந்த விளக்கின் சூட்டைத் தணிக்க சில்லர் என்று தொட்டிக்குக் கீழே ஒரு சிறு தொழிற்சாலையே உட்கார்ந்திருக்கும். தண்ணீர் 25, 26 டிகிரியில் நின்றாக வேண்டும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் மூடிய அறைக்குள் 30-ஐத் தாண்டுவது பெரிய காரியமில்லை. மன்னார் வளைகுடாவில் ஏப்ரல் முதல் ஜூன் வரை தண்ணீர் அப்படிச் சூடாகிற ஆண்டுகளில்தான் பவளங்கள் தம் பாசிகளை வெளியே துரத்திவிட்டு வெளுத்துப்போகின்றன. 2010-லும் 2016-லும் அங்கே நடந்த பெரிய வெளுப்பு, தொட்டிக்குள் ஒரு வாரத்தில் நடந்து முடிந்துவிடும்.

மின்சாரத்தையும் சொல்ல வேண்டும். பூதப்பாண்டிக்குப் பக்கத்தில்தான் ஆரல்வாய்மொழிக் காற்றாலைகள் வரிசை வரிசையாகச் சுழல்கின்றன. அதனால் கரண்ட் போகாது என்று அர்த்தமில்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்தை உலுக்கியபோது மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. பம்பு நின்ற தொட்டியில் ஆக்சிஜன் சில மணி நேரத்திலேயே குறையத் தொடங்கும். முதலில் சாகிற கூட்டத்தில் அக்ரோபோரா இருக்கும்.

உலகெங்கும் கற்பவளத்தில் கையைச் சுட்டுக்கொண்ட பலர் போய்ச் சேரும் இடம் சாஃப்ட் கோரல் எனப்படும் மென்பவளம். தோல்வியின் சமாதானம்போல இதைச் சொல்கிறவர்கள் உண்டு. மென்பவளத் தொட்டி ஒன்றின் முன்னால் பத்து நிமிடம் உட்கார்ந்தால் அந்தப் பேச்சு நிற்கும். கற்பவளம் அழகாக அசையாமல் நிற்கிறது. இது காற்றில் பயிர்போல அலைந்துகொண்டே இருக்கிறது.

இது கல் கட்டுவதில்லை. சதைக்குள் ஊசிபோன்ற சுண்ணாம்புத் துணுக்குகள் மட்டும் சிதறிக் கிடக்கும், அதற்கு வேண்டிய கால்சியம் சொற்பம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் தண்ணீரை மாற்றினாலே அந்தக் கணக்கு நேராகிவிடும். கற்பவளம் கேட்கும் வெளிச்சத்தில் பாதியோ அதற்கும் குறைவோ போதும். மீனின் கழிவிலிருந்து வரும் நைட்ரேட் சற்றுக் கூடினாலும் முகம் சுளிக்காது. ஒன்றுமே இல்லாத பளிங்குத் தண்ணீரில்தான் சோர்ந்துபோகும்.

கையெட்டும் வகைகளில் மூத்தது சார்கோஃபைட்டன். தொடுவதற்குத் தோல்போல இருப்பதால் லெதர் கோரல் என்பார்கள். பார்க்க மழைக்காலக் காளான். சில நாள் திடீரென்று கைகளை எல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு, மெழுகு பூசியதுபோல மங்கிக் கிடக்கும். புதிதாக வளர்க்கிறவர் செத்துவிட்டது என்று தூக்கி எறியப் போவார். அது தன் மேல்தோலை அழுக்கோடும் பாசியோடும் உரித்துப் போடுகிறது. நல்ல நீரோட்டம் படும்படி விட்டுவிட்டால் சில நாளில் முன்னைவிடப் பளிச்சென்று விரியும்.

ஜீனியா கொஞ்சம் வேடிக்கையானது. எட்டுக் கைகளையும் விரிப்பதும் மூடுவதுமாக நாள் முழுக்க ஏதோ தாளத்துக்குக் கைதட்டிக்கொண்டே இருக்கும். இப்படி வீணாக உழைப்பானேன் என்பது நெடுநாள் புதிராக இருந்தது. செங்கடலில் இதன் உறவினம் ஒன்றை ஆராய்ந்த இஸ்ரேலிய விஞ்ஞானிகள் 2013-இல் விடை சொன்னார்கள். பாசிகள் வெளிவிடும் ஆக்சிஜன் உடம்பைச் சுற்றித் தேங்கினால் ஒளிச்சேர்க்கை மந்தமாகும். கைதட்டல் அதை விசிறி அகற்றிவிடுகிறது. விசிறுவதற்குச் செலவாகும் தெம்பைவிட வரவு பல மடங்கு.

இவை தவிர, பாறைமேல் ஊதாப் பாய் விரித்து அதில் பச்சை நட்சத்திரங்களாகப் பூக்கும் ஸ்டார் பாலிப், பிளேடால் நாலாக வெட்டினால் நாலும் முழுசாக வளரும் மஷ்ரூம் கோரல், பொத்தான்போலப் பல நிறத்தில் ஜோவாந்திட். கடைசி இரண்டும் வகைப்பாட்டின்படி மென்பவளக் குடும்பம் அல்ல. வளர்ப்பு எளிது என்பதால் அந்தக் கூட்டத்தோடு சேர்த்துச் சொல்லப்படுகின்றன. உண்மையான மென்பவளத்தை அடையாளம் காண அதன் கைகளை எண்ணினால் போதும்: எட்டு இருக்கும். கற்பவளத்துக்கு ஆறின் மடங்கு. நவரத்தினத்தில் ஒன்றாக மோதிரத்தில் பதிக்கிறோமே, மத்தியதரைக் கடலின் அந்தச் செம்பவளமும் எட்டுக் கைக் கூட்டத்தைச் சேர்ந்தது. கல்லாக இறுகியிருந்தாலும் அதற்கு நெருங்கிய உறவு இந்த வழவழத்த லெதர் கோரல்தான், பவளப்பாறை அல்ல.

இதுவரை சொன்னது வசதி. இந்தியாவில் இருப்பவருக்கு இதில் சட்டமும் இருக்கிறது. அதைப் பார்த்த பிறகு தேர்ந்தெடுக்க அதிகம் மிச்சமில்லை. 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கற்பவளங்கள் அனைத்தும், கரும்பவளம், நெருப்புப் பவளம், ஆர்கன் பைப் பவளம், கடல் விசிறி ஆகியவையும் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. மீறினால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. செத்த பவளக்கல்லும் இதில் அடங்கும். சட்டம் இவ்வளவு கடுமையானதற்குக் காரணம் நம் கண் முன்னாலேயே இருக்கிறது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றி 117 கற்பவள இனங்கள் பதிவாகியிருக்கின்றன. 1986-இல் அது கடல்சார் தேசியப் பூங்கா ஆன பிறகும் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுக்கும் பார் போனதும் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன.

மென்பவளங்களின் பெயர் அந்த அட்டவணையில் இல்லை. அதற்காகத் தேசியப் பூங்காவில் போய்ப் பிடுங்கிவரலாம் என்று பொருளல்ல. அங்கே எதை எடுத்தாலும் குற்றம். தொட்டியில் வெட்டி வளர்த்த துண்டை, ரசீதோடு விற்கும் இடத்தில் வாங்குவதே முறை. விற்கிறவர் இனத்தின் பெயரைச் சொல்லத் தயங்கினால் அந்தப் படியிலிருந்து இறங்கி வந்துவிடலாம்.

பாறை விஷயத்திலும் இதே கவனம் தேவை. ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் 1961-இல் எழுதிய கட்டுரை ஒன்று கடல்தொட்டிக் கலையைத் திருப்பிவிட்டது: நுண்ணுயிர் குடியிருக்கும் கடற்பாறையையும் காற்றுக் குமிழியையும் வைத்துக்கொண்டே அவர் பவளம் வளர்த்துக் காட்டினார். அவர் செய்ததுபோலக் கடலிலிருந்து பவளப்பாறையைப் பெயர்த்துவருவது இங்கே நடவாது. சுட்ட மண் பாறையோ சிமென்ட் பாறையோ வைக்கலாம். சிமென்ட் என்றால், சுண்ணாம்புக் காரம் போகும்வரை சில வாரம் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைக்க வேண்டும். அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா அதில் குடியேற இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதற்கு முன் பவளத்தை இறக்குவது, அடுப்பு மூட்டாமல் பந்தி போடுவதுபோல.

வெளிநாட்டில் கற்பவளத் தொட்டியை மென்பவளத் தொட்டியாக மாற்றுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை உண்டு: இரண்டையும் நெடுநாள் ஒன்றாக வைக்கக் கூடாது. மென்பவளம் பார்க்கத்தான் சாது. அது தண்ணீரில் கசியவிடும் டெர்பீன் வகை வேதிப்பொருள்கள் பக்கத்துக் கற்பவளத்தை வளரவிடாமல் முடக்கும். மாற்றும் காலத்தில் வடிகட்டியில் ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு வைப்பது அதனால்தான். விளக்கைப் படிப்படியாகக் குறைப்பார்கள், கால்சியம் ஊற்றுவதை நிறுத்துவார்கள், புதுத் துண்டைத் தொட்டித் தண்ணீருக்குச் சொட்டுச் சொட்டாகப் பழக்கி அடித்தளத்தில் வைத்து, ஓரிரு வாரம் கழித்தே மேலே ஏற்றுவார்கள்.

ஜோவாந்திட் வாங்குகிறவர் ரப்பர் கையுறையும் வாங்கிவிட வேண்டும். இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பாலிதோவாவில் பாலிடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம். 1971-இல் ஹவாயில் பிரித்தெடுக்கப்பட்ட இது, இயற்கையில் உள்ள கொடிய நஞ்சுகளில் ஒன்று. கையில் கீறல் இருக்கும்போது தொடக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் இது ஒட்டிய பாறையைக் கொதிநீரில் போட்டுச் சுத்தம் செய்யக் கூடாது. ஆவியோடு நஞ்சு நுரையீரலுக்குள் போகும். 2018-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுஷயர் பகுதியில் தொட்டியைச் சுத்தம் செய்த ஒரு வீட்டில் குடும்பத்தோடு, உதவிக்கு ஓடிவந்த தீயணைப்பு வீரர்களும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் லெதரும் ஜீனியாவும் ஸ்டார் பாலிப்பும் போதும்.

ஜீனியாவிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, அது வளரும் வேகம். ஒரு துண்டு வைத்தால் சில மாதத்தில் பாறை முழுக்க ஏறும். பிடுங்கிப் போட்டாலும் மிஞ்சிய துணுக்கிலிருந்து தழைக்கும். இதே குடும்பத்தைச் சேர்ந்த உனோமியா என்ற மென்பவளம், மீன்தொட்டி வியாபாரத்தின் வழியாக வெனிசுவேலாக் கடலுக்குள் போய்விட்டதாகக் கருதப்படுகிறது. அங்கே மோச்சிமா தேசியப் பூங்காவில் அது பவளப்பாறைகளின் மேல் போர்வையாகப் படர்ந்து அவற்றை மூச்சுமுட்ட வைத்திருக்கிறது. நமக்கும் இந்த அனுபவம் உண்டு. தமிழகக் கடலில் பயிரிடக் கொண்டுவந்த கப்பாஃபைக்கஸ் என்ற கடற்பாசி, குருசடைத் தீவின் பவளங்களை மூடிப் படர்ந்திருப்பதை 2008-இல் ஆய்வாளர்கள் கண்டார்கள்.

ஆகவே தொட்டியைக் கலைக்க நேர்ந்தால், பாவம் உயிர் என்று பவளத்தை மணக்குடியிலோ சங்குத்துறையிலோ கொண்டுபோய் விட வேண்டாம். இன்னொரு வளர்ப்பாளருக்குக் கொடுங்கள். வாங்க ஆள் இல்லையென்றால், கையுறையோடு எடுத்து மூடிய பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். தொட்டித் தண்ணீரையும் பிளீச்சிங் பவுடர் கலந்து ஒரு நாள் வைத்த பிறகே, ஆற்றுக்கோ வாய்க்காலுக்கோ போகாத இடமாகப் பார்த்துக் கொட்டுங்கள்.