ஜாமீன் கையெழுத்துக்கு முன்னால்

"அண்ணே, ஒரே ஒரு கையெழுத்துதான். கடன் என் பேர்ல, கட்டப்போறதும் நான்தான். பேங்க்ல சும்மா ஃபார்மாலிட்டிக்குக் கேக்குறாங்க." மதியச் சாப்பாட்டு நேரத்தில் விண்ணப்பத்தோடு வந்து நிற்கும் அலுவலக நண்பரிடம் முடியாது என்று சொல்ல நம்மில் பலருக்கு நா எழுவதில்லை. சம்பளச் சீட்டு, ஆதார், பான் அட்டை நகல்களைக் கொடுத்துவிட்டு, பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கும் இடங்களிலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். கடன் தொகை எவ்வளவு என்றுகூடப் பலர் பார்ப்பதில்லை.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 128-ஆவது பிரிவில் கறாராக இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய, கடன் வாங்கியவருக்கு உள்ள பொறுப்பு முழுவதும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. வட்டியும் அதில் அடக்கம். "முதலில் அவரிடம் வசூலியுங்கள், பிறகு என்னிடம் வாருங்கள்" என்று வங்கியிடம் வாதாட முடியாது. பேங்க் ஆஃப் பீகார் – தாமோதர் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1968-இலேயே இதைச் சொல்லிவிட்டது. ஊரையும் போன் நம்பரையும் மாற்றிக்கொண்டவரை வங்கி தேடுமா, மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிறவரைப் பிடிக்குமா?

கோர்ட்டில் தீர்ப்பாகிவிட்டால் சம்பளத்தில் கை வைக்கலாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவின்படி, முதல் 1,000 ரூபாய்க்கும் மீதியில் மூன்றில் இரண்டு பங்குக்கும் விலக்கு உண்டு. 31,000 ரூபாய் சம்பளக்காரரிடம் மாதம் 10,000 வரை ஜப்தி செய்யலாம். ஒரே தீர்ப்புக்கு இது மொத்தம் 24 மாதங்களைத் தாண்டக்கூடாது. வருங்கால வைப்பு நிதியைத் தொட முடியாது. ஆனால் அலுவலக சொசைட்டிக் கடனுக்கு, சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்று நாமே எழுதிக் கொடுத்திருந்தால் இத்தனை தூரம்கூடப் போக வேண்டியதில்லை.

சத்தமில்லாமல் நடக்கும் சேதாரம் இன்னொன்று. ஜாமீன் போட்ட கடன் நம் சிபில் அறிக்கையிலும் ஏறிவிடும். அவர் தவணை தவறிக்கொண்டிருப்பது, நாம் வீட்டுக் கடன் கேட்டுப் போகும்போதுதான் தெரியவரும். சிபில் உள்ளிட்ட கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தந்தாக வேண்டும். கேட்டு வாங்கிப் பார்ப்பவர்கள் குறைவு.

என்னைக் கேட்டால், இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது தொகை எழுதாத காசோலை. ஜாமீன்தாரர் கொடுத்த காசோலை பணமின்றித் திரும்பினாலும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவு பாயும் என்பது ஐசிடிஎஸ் – பீனா ஷபீர் வழக்கில் 2002-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தப் பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. உறவு முறிந்தாலும் பரவாயில்லை, இதை மட்டும் கொடுக்காதீர்கள்.

மறுக்க முடியாத இடமும் உண்டு. தம்பி, மைத்துனர் என்று வரும்போது சட்டப் பிரிவா பேச முடியும்? அப்போதும் பொறுப்புக்கு உச்சவரம்பாக ஒரு தொகையை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லிக் கேட்கலாம். கையெழுத்திட்ட பத்திரத்தின் நகலை வாங்காமல் எழுந்திருக்க வேண்டாம். ஓவர்டிராஃப்ட் போன்ற தொடர் கடன் என்றால், இனி எடுக்கப்போகும் தொகைக்கு நான் பொறுப்பில்லை என்று வங்கிக்கு எழுதிக் கொடுத்து விலக ஒப்பந்தச் சட்டத்தின் 130-ஆவது பிரிவு வழிவிடுகிறது. ஏற்கெனவே எடுத்த தொகைக்கு அது உதவாது. கல்விக் கடன் என்றால், மத்திய அரசின் உத்தரவாத நிதித் திட்டத்தில் 7.5 லட்சம் வரை வெளியார் ஜாமீனே வேண்டாம் என்பதை வங்கியில் எடுத்துச் சொல்லுங்கள்.

வங்கியின் செயலில் குறை இருந்தால் முதலில் வங்கிக்கே எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்க வேண்டும். 30 நாளில் பதில் இல்லை அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448.

கடைசியில் கட்டித்தான் ஆக வேண்டும் என்றானால், கையில் ரொக்கமாகக் கொடுக்காமல் கடன் கணக்கிலேயே செலுத்தி ரசீது வாங்குங்கள். கட்டிய அந்தத் தொகைக்குக் கடன் வாங்கியவர்மேல் வங்கிக்கு இருந்த உரிமை ஒப்பந்தச் சட்டத்தின் 140-ஆவது பிரிவின்படி உங்கள் கைக்கு வருகிறது. வங்கி பிடித்து வைத்திருந்த அடமானமும் அதில் சேரும். உடன் ஜாமீன் போட்டவர் இருந்தால் பாதியை அவரிடம் கேட்கலாம். கடன் வாங்கியவர்மேல் வழக்குப் போட, நீங்கள் பணம் கட்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டு அவகாசம்.