ஒரு கணத்தின் விலை

அலுவலகக் கணினி விடை தரச் சற்றுத் தாமதித்தால் பொறுத்துக்கொள்ளலாம். ராக்கெட்டினுள் இயங்கும் கணினிக்கு அச்சலுகை கிடையாது. அங்கே காலங்கடந்த விடையும் பிழையே. காலத்திற்கு முந்திய முடிவும் பிழையே. திருவனந்தபுரத்திலுள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் உருவாக்கிய எஸ்.எஸ்.எல்.வி. என்னும் சிறிய ராக்கெட்டின் அனுபவம் இதற்குச் சான்றாகும்.

1922-இல் அல்ல, கணினி யுகமான 2022 ஆகஸ்ட் 7-ஆம் நாளன்றே இப்பிழை நேர்ந்தது. அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்டது. இரண்டாம் கட்டம் பிரிந்தபோது எழுந்த அதிர்வு, முடுக்கத்தை அளக்கும் உணரிகளின் அளவெல்லையைச் சிறிது நேரம் மீறியது. உணரிகள் பழுதடையவில்லை, எனினும், பழுதைக் கண்டறியும் மென்பொருள் அவை பழுதுற்றனவெனத் தீர்மானித்து விலக்கிவிட்டது. அதனால், 356 கிலோமீட்டர் உயர வட்டப் பாதைக்கு மாறாக, புவிக்கு 76 கிலோமீட்டர் வரை தாழும் நீள்வட்டப் பாதையே கிட்டியது. இரு செயற்கைக்கோள்கள் இழக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று ஏறத்தாழ 750 பள்ளி மாணவியரின் உழைப்பில் உருவானது.

ஆய்விற்குப் பின், கட்டங்களைப் பிரிக்கும் அமைப்பு மாற்றப்பட்டது. உணரியைப் பழுதென முடிவுசெய்யுமுன் மென்பொருள் காத்திருக்கும் நேரமும் நீட்டிக்கப்பட்டது. 2023 பிப்ரவரி 10 அன்று இரண்டாம் ராக்கெட் மூன்று செயற்கைக்கோள்களை 450 கிலோமீட்டர் உயரப் பாதையில் சேர்த்தது. மாணவியரின் இரண்டாவது செயற்கைக்கோளும் அவற்றுள் அடங்கும்.

பெருந்திட்டங்களின் வெற்றி முதலீட்டின் அளவை மட்டும் பொறுத்ததன்று. கண்ணுக்குப் புலப்படாத இத்தகைய சோதனைகளுக்கும் திருத்தங்களுக்கும் உரிய காலமும் நிதியும் ஒதுக்கப்படுதல் இன்றியமையாததாகும்.