உங்களுக்குத் தெரியுமா? தோட்டத்துப் பேரப்பிள்ளைகள்

கேமரன் மலையில், திரிங்காப் சாலையின் இரு பக்கமும் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள். கோஸ், தக்காளி, சாலட் கீரை. பெரும்பாலும் சீனக் குடும்பங்கள் உருவாக்கியவை. தெற்கே போனால் சுங்கை பாலாஸ், வடக்கே போனால் புளூவேலி. அங்கே தேயிலை, அதைக் காடு வெட்டி நட்டவர்கள் தமிழர்கள். ஒரே மலை, ஒரே குளிர். பேரப்பிள்ளைகள் மட்டும் ஏன் ஆளுக்கொரு படியில் நிற்கிறார்கள்? "ரத்தம் அப்படி", "குடிதான் காரணம்", "சேமிக்கத் தெரியாது" என்று காப்பிக் கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் பதில்களைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

முதலாளியும் இந்தியர், தொழிலாளியும் இந்தியர்

கேமரன் மலைக்குப் பெயர் தந்த வில்லியம் கேமரன் இங்கே அளவெடுக்க வந்தது 1885இல். தேயிலை வந்தது 1929இல், ஜே.ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ நிறுவனத்தோடு. அவருக்குத் துணையாக இருந்த மில்ன், இலங்கையில் தேயிலை போட்டுப் பழகியவர். நான்கு ஆண்டு கழித்து, 1933இல், வட இந்திய வணிகக் குடும்பம் ஒன்று பாரத் தேயிலையைத் தொடங்கியது. அரசாங்கப் புள்ளிவிவரத்தில் அந்த முதலாளியின் பேரனுக்கும் கொழுந்து கிள்ளிய பாட்டியின் பேரனுக்கும் ஒரே கட்டம்தான்: 'இந்தியர்'.

வேலை போனால் வீடும் போகும்

தோட்டத்து வீடு நிர்வாகத்தின் வீடு. வேலையில் இருக்கும்வரை குடியிருக்கலாம். முப்பது ஆண்டு கொழுந்தெடுத்தாலும் பிள்ளைக்கு விட்டுப்போக ஒரு கதவுகூட இல்லை. வீட்டில் ஒருவராவது தோட்ட வேலையில் இருந்தாக வேண்டும் என்பதற்காகவே மூத்த பிள்ளையின் படிப்பு நின்ற குடும்பங்கள் உண்டு. தோட்டக் குடியிருப்புகளுக்குக் குறைந்தபட்சத் தரம் கேட்கும் சட்டம் 1990இல் வந்தது. அது கூரை, தண்ணீர், கழிப்பறை பற்றிப் பேசுகிறது. அந்த வீடு யாருக்குச் சொந்தம் என்பது அதன் பேச்சில் இல்லை.

பத்து ஏக்கர் வித்தியாசம்

பால்மரமும் செம்பனையும் தோட்டத் தமிழர் மட்டும் செய்த தொழில் அல்ல. 1956இல் பெல்டா தொடங்கியது. நிலமில்லாத கிராமத்தாரைக் கொண்டுபோய்க் குடியமர்த்தி, குடும்பத்துக்குச் சுமார் 10 ஏக்கரும் ஒரு வீடும் கொடுத்த திட்டம் அது. 1990 வரை 1 லட்சத்து 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் குடியேறின. மிகப் பெரும்பாலோர் மலாய்க்காரர்கள். மரம் ஒன்று, வேலை ஒன்று. ஒருவருக்கு நிலம், மற்றவருக்கு நாள்கூலி. மலேசியாவில் வறுமை பற்றிப் பேசும் எவரும் இந்தப் பத்து ஏக்கரைத் தாண்டிப் போக முடியாது என்பது என் கட்சி.

முள்வேலிக்கு உள்ளே இரண்டு கணக்கு

கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு எதிரான அவசரகாலத்தில், 1950இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தின்படி சுமார் 5 லட்சம் பேரை அரசு முள்வேலிக்குள் குடியமர்த்தியது. பெரும்பாலோர் சீனர்கள். கொடுமையான இடப்பெயர்ச்சி, சந்தேகமில்லை. ஆனால் அந்தப் புதுக்கிராமங்களில் பலருக்குப் பிற்பாடு வீட்டு மனைக்குக் குத்தகைப் பத்திரம் கிடைத்தது. கடை வந்தது, பள்ளி வந்தது, நாளடைவில் ஊராயிற்று. திரிங்காப்பும் இன்று 'கம்போங் பாரு' என்ற வகையில் வரும் ஊர்தான். அதே காலத்தில் தோட்டத் தொழிலாளரையும் ஓரிடத்தில் திரட்டி வேலி போட்டார்கள். அவர்களைத் திரட்டியது தோட்ட நிலத்திலேயே. வேலி எடுக்கப்பட்டபோது மனை மீண்டும் துரையிடமே நின்றது.

திரிங்காப் விவசாயி கவலையில்லாமல் இருக்கிறார் என்று நினைக்க வேண்டாம். அவர்களில் பலருக்கு நெடுங்காலம் இருந்தது ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய டி.ஓ.எல். என்ற தற்காலிக நில உரிமம் மட்டுமே. இருந்தாலும், விளைந்த கோஸை யாருக்கு விற்பது, என்ன விலைக்கு விற்பது என்பது அவர் கையில். கொழுந்தெடுத்தவருக்கு அந்தப் பேச்சே வந்ததில்லை. இந்த மலையில் காய்கறி போடும் தமிழ் விவசாயிகளும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக் கதையைத் தோட்டத்துக் கதையோடு வைத்துப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

சைக்கிளை விட்டு இறங்கு!

1928இல் இந்தியத் தொழிலாளருக்கு ஒரு நிலையான கூலி நிர்ணயித்தார்கள்: முக்கிய வட்டாரங்களில் ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. சீனத் தொழிலாளி ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர். பேரம் பேசினார், கூடுதலாக வாங்கினார், பிடிக்காவிட்டால் வேறிடம் போனார். கங்காணி அழைத்து வந்த தமிழருக்குப் போக வேறிடம் இல்லை.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் வெடித்தது. முன்னின்றவர்களில் ஒருவர் ஆர்.எச். நாதன். கோரிக்கைப் பட்டியலைப் பாருங்கள்: சீனருக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்குச் சரியான பள்ளி, கள்ளுக்கடை மூடல், பிறகு இது: துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். அரசு நாதனைப் பிடித்து இந்தியாவுக்கு அனுப்பியது. பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். "கள்ளுக்கடைதான் தமிழனைக் கெடுத்தது" என்பவர்கள் கவனிக்கவும்: அதை மூடச் சொல்லிப் போராடியவனும் அதே தோட்டத்துக்காரன்தான்.

பத்துப் பிள்ளை இருந்தால் ஒரு பள்ளி

பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. எப்படிப்பட்ட பள்ளி என்று சொல்லவில்லை. பல இடங்களில் ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர். தொடக்கப் படிப்போடு சரி. மேலே படிக்க டவுனுக்குப் போக வேண்டும். தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போன பிள்ளைகள் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாக உட்கார்ந்தார்கள்.

1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள். இன்று 530 அளவில். தோட்டம் மூடப்பட்டபோது பள்ளியும் சேர்ந்து மூடியது. கேமரன் மலையில் சுங்கை பாலாஸ், புளூவேலி, போ தோட்டங்களின் பெயரில் தமிழ்ப்பள்ளிகள் இன்றும் நடக்கின்றன. அதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம்.

கிராணி வீட்டுப் பிள்ளை

தமிழர் எல்லாரும் ஒரே வாசல் வழியாக மலாயாவுக்கு வரவில்லை. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரிகள் வட்டுக்கோட்டையில் 1823இலேயே உயர்கல்வி நிலையம் தொடங்கியிருந்தார்கள். ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்தார் ரயில்வேக்கும் அரசு அலுவலகத்துக்கும் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி வேலைக்கும் வந்தார்கள். மாதச் சம்பளம், ஓய்வூதியம், டவுன் வீடு, பிள்ளைக்கு ஆங்கிலப் பள்ளி. பிரிக்பீல்ட்ஸில் 1938இல் பிறந்து நாட்டின் பெரும் செல்வந்தர்களில் ஒருவரான ஆனந்த கிருஷ்ணன் அந்த வழியில் வந்தவர். சிங்கப்பூரின் ராஜரத்தினமும் அப்படியே. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிரம்பானில் வளர்ந்தவர். மொழியும் சாமியும் ஒன்றாக இருக்கும் இரண்டு கூட்டங்கள் மூன்று தலைமுறையில் இவ்வளவு விலகினால், 'ரத்தம்' என்ற பதில் என்ன ஆவது?

சராசரி என்னும் பொய்

2016இல் மலேசியக் குடும்பங்களின் இடைநிலை மாத வருமானம்: பூமிபுத்ரா 4,846 வெள்ளி, இந்தியர் 5,428, சீனர் 6,582. இதைப் பார்த்துவிட்டு "இந்தியர் பரவாயில்லையே" என்று பலர் கடந்துபோனார்கள். வழக்கறிஞர் வீடும் தோட்டத்து லயன் வீடும் ஒரே பெட்டிக்குள் இருக்கும்போது நடுவில் வரும் எண் யாருடைய வீட்டையும் காட்டாது.

அண்ணன் கண்டிக்கு, தம்பி பினாங்குக்கு

திருச்சி, சேலம், தஞ்சைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஒரு சாரார் இலங்கைத் தேயிலைக்கும் இன்னொரு சாரார் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்கும் போனார்கள். அதே கூடை, அதே கங்காணி. 1948இல் இலங்கை ஒரு குடியுரிமைச் சட்டம் போட்டது. சுமார் 7 லட்சம் மலையகத் தமிழர் நாடற்றவர் ஆனார்கள். 1964இல் சிறிமா – சாஸ்திரி உடன்பாடு அவர்களைத் தலை எண்ணிப் பங்கு பிரித்தது: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். திரும்பி வந்தவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியில் தமிழ்நாடு அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்துக்கே போனார்கள். நாடற்ற நிலை முழுதாக நீங்க 2003 வரை ஆயிற்று.

மலாயாவிலோ, 1957 ஆகஸ்ட் 31க்குப் பிறகு இந்த மண்ணில் பிறந்த பிள்ளை பிறப்பாலேயே குடிமகன் ஆனது. அந்தத் தாராளம் 1962இல் சுருங்கியது என்றாலும், ஒரு தலைமுறைக்கு அது வழி திறந்தது. 2019இல் இலங்கையின் வறுமை விகிதம் 14.3 சதவீதம், தோட்டப் பகுதியில் 33.8. கேமரன் மலைத் தோட்டத்துப் பிள்ளை குறை சொல்லலாம், நியாயமும் உண்டு. நுவரெலியாவிலுள்ள ஒன்றுவிட்ட உறவுக்குக் கிடைத்தது இன்னும் குறைவு.

மொரிசியஸ் என்ன செய்தது?

அங்கேயும் தோட்டம்தான், கரும்புத் தோட்டம். அங்கேயும் இந்திய ஒப்பந்தக் கூலி. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சர்க்கரை விலை சரிந்தபோது பெரிய தோட்டங்கள் ஓர நிலங்களைத் துண்டு போட்டு விற்றன. சேமித்து வைத்திருந்த ஒப்பந்தக் கூலிகள் அவற்றை வாங்கினார்கள். சிறு கரும்பு விவசாயி என்றொரு வர்க்கம் உண்டாயிற்று. அதன் பிள்ளைகள் ஆசிரியர்களானார்கள், அமைச்சர்களானார்கள். மொரிசியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருப்பது எல்லாருக்கும் தெரியும். அதன் பின்னால் அந்த நிலத்துண்டுகள் இருப்பதை யாரும் சொல்வதில்லை.

மலாயாவில் தோட்டத் துண்டாடல் வந்தபோது தொழிலாளி கையில் அவ்வளவு காசு இல்லை. துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளரிடம் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார். நல்ல யோசனை, நடந்தும் காட்டியது. ஆனால் துண்டாடலின் வேகத்துக்கு அது ஈடுகொடுக்கவில்லை.

டென்மார்க்கும் ஜமைக்காவும்

ஓர் இனத்தை இன்னோர் இனத்தோடு நிறுத்திப் பார்க்கும் ஒப்பீடு நமக்கு மட்டும் உரியது அல்ல. அமெரிக்காவில் டென்மார்க் வழி வந்தவர்களையும் ஜமைக்கா வழி வந்தவர்களையும் பக்கத்தில் நிறுத்தி யார் முன்னேறினார் என்று கேட்பார்கள். 1862ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஐந்தாண்டு தங்கிப் பயிர் செய்தால் 160 ஏக்கர் ஏறக்குறைய இலவசம். 19ஆம் நூற்றாண்டில் வந்த டேனியர்களுக்கு அந்தக் கதவு திறந்திருந்தது. ஜமைக்கர்களில் பெரும்பாலோர் 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு வந்தவர்கள். நிலம் தீர்ந்திருந்தது, தாதியர் வேலையும் நகரத்து வாடகை வீடும் இருந்தன. அப்படியும் பலர் மேலே வந்தார்கள்.

இரண்டு அரசுகளை உலுக்கிய காகிதம்

நிலத்துக்கு அடுத்தது குடியுரிமைக் காகிதம். 1948இல் எம்பயர் வின்ட்ரஷ் கப்பலில் தொடங்கி, ஜமைக்கர்கள் பிரிட்டிஷ் குடிமக்களாகவே லண்டனுக்கு வந்தார்கள். எழுபது ஆண்டு கழித்து அவர்களில் சிலரிடம் "ஆதாரம் எங்கே?" என்று கேட்டு வேலையையும் மருத்துவத்தையும் மறுத்தார்கள், சிலரை நாடு கடத்தினார்கள். 2018இல் உள்துறை அமைச்சர் பதவி விலக நேர்ந்தது.

டென்மார்க்கில் நடந்தது நம்மவர் கதை. இலங்கைப் போருக்குத் தப்பி வந்த தமிழ் அகதிகளின் மனைவி மக்கள் வந்து சேர்வதை, சட்டம் அனுமதித்திருந்தும், 1987இல் நீதி அமைச்சர் நின் ஹான்சன் கிடப்பில் போட்டார். விசாரணை முடிவு வந்தபோது, 1993இல், பிரதமர் போல் ஷ்லூட்டர் பதவி விலகினார். அங்கே அதற்குப் பெயரே 'தமிழர் வழக்கு'.

நம் பக்கமும் காகிதம்தான்

1969க்குப் பின் குடியுரிமை இல்லாதவருக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, சுமார் 60 ஆயிரம் தோட்டத் தொழிலாளர் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்தும், குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு அடையாள அட்டையோடு காலம் தள்ளியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பெற்றோரின் திருமணம் பதிவாகாததால் பிள்ளையின் குடியுரிமை சிக்கலாகிவிடுவதும் உண்டு.

இப்போது யார் கிள்ளுகிறார்கள்?

நேபாளிகள், வங்காளதேசிகள், இந்தோனேசியர்கள். திரிங்காப் காய்கறித் தோட்டத்திலும் பெரும்பாலும் அவர்களே. கையால் கிள்ளுவது குறைந்து, கத்தரியும் இருவர் பிடிக்கும் இயந்திரமும் வந்துவிட்டன. குறைந்தபட்சச் சம்பளம் 2013இல் 900 வெள்ளி, 2025இல் 1,700. தோட்டத்தை விட்டு இறங்கிய தமிழ்ப் பிள்ளைகள் லாரி ஓட்டுகிறார்கள், தானா ராத்தாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார்கள், சிலர் டாக்டராகியும் விட்டார்கள்.

இந்த மலைக்கு எல்லாருக்கும் முன்பே உரியவர்கள் பூர்வகுடியினர். அவர்களில் ஒருவர் தேர்தலில் வென்று நாடாளுமன்ற மக்களவைக்குள் நுழைய 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கேமரன் மலை இடைத்தேர்தலில் வென்ற ரம்லி முகமட் நோர்தான் அந்த முதல் ஆள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தோட்டத்திலோ கம்பத்திலோ பிள்ளை பிறந்தால் 60 நாளுக்குள் பதிவு செய்யுங்கள். கோயிலில் தாலி கட்டியதோடு விடாமல் திருமணத்தையும் பதியுங்கள். வீட்டில் சிவப்பு அட்டையோடு பாட்டி யாராவது இருந்தால், அடுத்த வாரமே பதிவிலாகாவுக்கு அழைத்துப் போங்கள்.