கருவுக்கு முன்னரே ஊட்டும் அன்னம்

தஞ்சை மாவட்டம் பாபநாசத்துக்குத் தெற்கே, வெட்டாற்றங்கரையில் அமைந்துள்ள திருத்தலம் திருக்கருகாவூர். திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் பாடிப் பரவிய இத்தலத்தில், முல்லைவனநாதருடன் கர்ப்பரட்சாம்பிகை எழுந்தருளியிருக்கிறாள். கருக்காத்தநாயகி என்பது அன்னையின் தமிழ்த் திருநாமம். மழலை வரம் வேண்டி வருவோர், அன்னையின் சந்நிதிப் படியை நெய்யால் மெழுகிக் கோலமிடுகின்றனர். திருவடியில் வைத்துப் பூஜித்த நெய்யைப் பிரசாதமாகப் பெற்று, 48 நாள்கள் இரவில் சிறிதளவு உட்கொள்கின்றனர். இந்த நெய்யை மனைவி மட்டுமன்றிக் கணவரும் உண்ண வேண்டும் என்பதே இத்தலத்து மரபு. அதன் பொருளைப் பின்னர்க் காண்போம்.

தலபுராணம் நாம் அறிந்ததே. நித்துருவ முனிவர் வெளியே சென்றிருந்த வேளையில், ஊர்த்துவபாதர் என்னும் முனிவர் பிச்சை கேட்டு வந்தார். கருவுற்றிருந்த வேதிகை அயர்ச்சியால் உடனே எழுந்து உபசரிக்க இயலவில்லை. அதனை அறியாத முனிவர் சினந்து சபிக்க, கரு நலிந்தது. வேதிகை கதறியழ, அம்பிகை அக்கருவைக் குடத்தில் ஏந்திக் காத்து, நைத்துருவன் என்னும் மகவாக அளித்தாள். குழந்தைக்குக் காமதேனு பால் சுரந்தது.

ஒரு பெண்ணின் சோர்வை அறியாமல் சினந்தவர் முனிவர். அறிந்து அரவணைத்தவள் அன்னை. பேரக்குழந்தைக்காக ஏங்கும் பெரியவர்களாகிய நாம், நம் வீட்டு மருமகளிடத்தில் இவ்விருவருள் யாராக இருக்கிறோம்?

அறியும் முன்னரே உருவாகும் கரு

கரு தரித்து ஏறக்குறைய 28 நாள்களுக்குள், சிசுவின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடிப்படையான நரம்புக்குழாய் மூடிவிடுகிறது. பெண்கள் பலர் தாம் கருவுற்றிருப்பதை அறியும் முன்னரே இந்தப் பணி நிறைவடைந்துவிடுவதுண்டு. அதற்கு இன்றியமையாதது ஃபோலிக் அமிலம். ஆதலால், கருத்தரிக்க விரும்பும் காலத்திலிருந்தே தொடங்கி, கர்ப்பத்தின் 12-ஆம் வாரம் வரை நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் உட்கொள்ளுமாறு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. கீரை வகைகள், பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, ஆரஞ்சு ஆகியவற்றில் இச்சத்து இயல்பாகவே உண்டு. எனினும் கொதிக்கும் நீரில் இது பெருமளவு கரைந்துவிடும். கீரை வெந்த நீரைக் கொட்டிவிடலாகாது. உணவோடு மாத்திரையும் தேவை.

இரத்தம் ஊறட்டும்

2019-21 ஆண்டுகளில் நடைபெற்ற தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகையுடையவர்கள் என்று கூறுகிறது. சோகையோடு கருத்தரித்தால் தாயும் சிசுவும் துன்புறுவர். முருங்கைக்கீரை, எள், பயறு வகைகள் ஆகியவை இரும்புச்சத்து தருபவை. இவற்றோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால், சத்து உடலில் நன்கு சேரும். உணவு உண்ட உடனே காப்பியோ தேநீரோ பருகினால் அது தடைப்படும். ஆலயத்தில் பெறும் சுண்டலும் எள்ளுருண்டையும் இவ்வகையில் நல்லுணவுகளே.

சைவ உணவு உண்ணும் குடும்பங்களில் பி12 சத்து குறைவது உண்டு. பால், தயிர், மோர் ஆகியவற்றைத் தவறாது கொடுக்க வேண்டும்; பரிசோதனையில் குறைவு தெரிந்தால் மருத்துவர் மாத்திரை தருவார். சமையலுக்கு அயோடின் கலந்த உப்பையே பயன்படுத்துதல் நலம். உடல் மிக மெலிந்திருந்தாலும் மிகப் பருத்திருந்தாலும் மாதவிடாய்ச் சுழற்சி பிறழக்கூடும். ஆதலால் அளவறிந்த உணவும் நாள்தோறும் சிறிது நடையும் தேவை. கோயிலை வலம்வருதலும் ஒரு நடையே.

நெய் இருவருக்கும் உரியது

இனி, கணவரும் பிரசாதம் உண்ணும் மரபுக்கு வருவோம். குழந்தைப்பேறு தாமதிக்கும் தம்பதியருள் ஏறக்குறைய பாதிப் பேரிடத்தில் ஆண் பக்கக் காரணமும் இருப்பதாக மருத்துவர்கள் கூறுகின்றனர். உயிரணு முதிர்ந்து வர ஏறக்குறைய இரண்டரை மாதங்கள் ஆகின்றன. ஆகவே மகன் இன்று புகையிலையையும் மதுவையும் விட்டு, காய்கறி, பயறு, நிலக்கடலை, பழம் என்று நல்லுணவு உண்ணத் தொடங்கினால், அதன் பயன் வெளிப்பட அத்தனை காலம் வேண்டும். பழியை மருமகள் ஒருத்தியின் மீது சுமத்துவது அறமும் அன்று, உண்மையும் அன்று.

விரதமும் அன்னமும்

குழந்தை வரத்துக்காகச் சஷ்டி, ஏகாதசி, பிரதோஷம் என்று இளம்பெண்கள் பல விரதங்களை ஒருங்கே மேற்கொள்வதுண்டு. பக்தி போற்றத்தக்கது. ஆயினும் மெலிந்தவரும் சோகையுடையவரும் நீரிழிவு உடையவரும் அடிக்கடி முழுப்பட்டினி கிடப்பது தகாது. பாலும் பழமும் உண்டு நோற்றாலும் அன்னை ஏற்பாள். நோயுற்றோருக்கும் கருவுற்றோருக்கும் நம் பெரியோர் விரதத்தில் தளர்வு அளித்தே வந்துள்ளனர். அனைவரும் உண்ட பின், எஞ்சியதை மருமகள் உண்ணும் வழக்கம் இன்னும் சில இல்லங்களில் உண்டு. அவளை உடன் அமர்த்தி முதலில் பரிமாறுவதும் ஓர் அம்பிகை வழிபாடே.

மருத்துவரும் வேண்டும்

உணவு உடலைப் பண்படுத்தும். எல்லாக் குறைகளையும் நீக்கிவிடாது. கருக்குழாய் அடைப்பு போன்றவற்றுக்குச் சிகிச்சையே வழி. ஓராண்டு முயன்றும் கருத்தரிக்கவில்லையெனில், கணவன் மனைவி இருவரும் மருத்துவரைக் காண வேண்டும். பெண்ணுக்கு 35 வயது கடந்திருப்பின் ஆறு மாதமே எல்லை. என்ன கலந்திருக்கிறது என்று அறியாத லேகியங்களையும் சூரணங்களையும் வாங்கிக் கொடுப்பதைத் தவிர்த்தல் நன்று.

இவற்றோடு பெரியவர்களால் மட்டுமே அளிக்கக்கூடிய ஒரு சத்தும் உண்டு. திருமண வீட்டிலும் கோயில் பிராகாரத்திலும் "ஏதேனும் விசேஷம் உண்டா?" என்று பிறர் கேட்கையில், மருமகள் தலைகுனியும் முன்னரே, "அன்னை தரும்போது தருவாள், இவள் நலமாக இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும்" என்று நாம் முந்திக்கொண்டு சொல்லலாம். "உனக்காக இந்த விரதத்தை நான் இருக்கிறேன், நீ வேளைக்கு உண்" என்று அவளிடம் கூறலாம்.

வேதிகையின் வாட்டத்தைத் தீர்த்த கருக்காத்தநாயகி, நம் இல்லங்களிலும் மழலை ஒலி நிறைய அருள்புரிவாளாக!