கடை மூடிய பிறகு ஒரு கணக்கு

எனது தாய்மாமாவுக்கு வயது எழுபத்தொன்பது. கொத்மலையில் நாற்பத்தைந்து வருடங்கள் பலசரக்குக் கடை நடத்தியவர். தோட்டத்து மக்கள் சம்பள நாளில் வந்து கணக்கு முடிப்பார்கள். மற்ற நாட்களில் கடன் கொப்பிதான். யார் எவ்வளவு பாக்கி என்பது கொப்பியைத் திறக்காமலே அவருக்குத் தெரியும். அப்படிப்பட்டவர், தனது முதுமைக்கு மாதாந்தம் எவ்வளவு தேவை என்று ஒருநாளும் கணக்குப் பார்த்ததில்லை. 2025இன் நடுப்பகுதியில் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகே அந்தக் கணக்கு எங்கள் முன்னால் வந்து நின்றது.

மூத்த மகன் கட்டாரில். இளையவர் கொழும்பில். மாமி மௌத்தானதிலிருந்து ஆறு வருடங்களாக வாப்பாவைப் பார்த்து வருபவள் மகள். அதற்காகத் தனது தையல் வேலையை விட்டவள். நவம்பர் கடைசியில் தித்வா புயல் வந்து, மண்சரிவுகளால் மலையகப் பாதைகள் பல அடைபட்டபோது, மாமாவின் மாத்திரைகள் முடிந்துவிட்டன. நான்கு நாட்கள் அவள் பட்ட பாட்டைப் பார்த்த பிறகுதான், "ஆஸ்பத்திரிக்குக் கிட்டவாக ஓர் இடம் பார்ப்போம்" என்ற பேச்சு குடும்பத்தில் எழுந்தது. கணக்கு வழக்குத் தெரிந்தவன் என்று என்னையும் அழைத்தார்கள்.

முதியோர் இல்லம் என்றதும் நம்மவர்கள் முகம் சுளிப்பதுண்டு. பெற்றோரைக் கைவிடுவதாக அர்த்தம் கொள்கிறோம். ஆனால் நாட்டின் நிலைமை மாறிவிட்டது. 2012 குடிசன மதிப்பீட்டில் 65 வயதைத் தாண்டியோர் 7.9 வீதம், 2024இல் 12.6 வீதம். பிள்ளைகளோ குறைவு, அவர்களும் ஊரில் இல்லை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்றே சொல்கிறது. கவனிக்கப்படாத பெற்றோர் பராமரிப்புச் செலவு கேட்டுச் செல்வதற்கு ஒரு சபையையும் அமைத்திருக்கிறது. எனினும் கடமையை எந்தக் கூரையின் கீழ் நிறைவேற்றுவது என்பதைக் குடும்பம்தான் தீர்மானிக்க வேண்டும்.

மாமாவிடம் ஓய்வூதியம் கிடையாது. சேமலாப நிதியும் இல்லை. கடை முதலாளிக்கு யார் 12 வீதம் கட்டுவது? கடையை விற்றால் முதுமைக்கு ஆகும் என்பதுதான் நமது வியாபாரிகள் பலரின் திட்டம். மாமா அதையும் 2008இல் மூத்தவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். இன்று அது வேறொருவர் கையில். மிஞ்சியிருப்பது வீடும், வங்கியில் இருபது இலட்சமும்.

இளைய மகன் ஒரு யோசனை சொன்னார். "வீட்டை எனது பெயருக்கு எழுதுங்கள், முழுச் செலவையும் நான் பார்க்கிறேன்." நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் நான் உடன்படவில்லை. நன்கொடை உறுதி எழுதும்போது, உயிருள்ளவரை இருந்து அனுபவிக்கும் உரிமையை, அதாவது சீவிய உரித்தை, தனக்கு ஒதுக்கி வைக்கலாம். 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, அவ்வாறு உரித்து ஒதுக்காத நன்கொடை முஸ்லிம் சட்டத்தின் கீழ் வருகிறது; ஒதுக்கிய நன்கொடை நாட்டின் பொதுச் சட்டத்தின் கீழ் வருகிறது. இரண்டும் வேறு வேறு பாதைகள். எழுதுவதற்கு முன் நொத்தாரிசிடம் இதைக் கேட்டுத் தெளிய வேண்டும். கடையை எழுதிய அன்று மாமா கேட்கவில்லை. உங்கள் பெற்றோரும் கேட்டிருக்க மாட்டார்கள். இம்முறை ஒன்றும் எழுதுவதில்லை, விற்பதுமில்லை, வாடகைக்கு விடுவது என்று முடிவாயிற்று.

கண்டிப் பக்கத்தில் மூன்று இல்லங்களைப் பார்த்தோம். முதலாவதில் வரவேற்பறை ஹோட்டல்போல இருந்தது. பதிவுச் சான்றிதழைக் கேட்டதும் மேலாளர் பேச்சை மாற்றினார். முதியோரைத் தங்கவைக்கும் இல்லங்கள் அதே 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட வேண்டியவை. திரும்பி வந்துவிட்டோம். இரண்டாவதில், படுக்கையில் விழுந்தால் வைத்திருப்பீர்களா என்று கேட்டேன். "அப்போது நீங்கள் அழைத்துச் செல்ல வேண்டிவரும்" என்றார்கள். நடமாடும் வரைக்கும் வீட்டிலேயே இருக்கலாமே, எதற்கு இல்லம்? மூன்றாவதில் சமையலறையைத் திறந்து காட்டினார்கள். இறைச்சி எங்கே வாங்குகிறார்கள், இரவில் எத்தனை பணியாளர்கள், தமிழ் பேசுபவர் உண்டா, மௌத் ஏற்பட்டால் எவ்வளவு நேரத்தில் அறிவிப்பார்கள் என எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. மாதம் 75,000 ரூபா. மூன்று மாத முற்பணம். இடையில் விலகினால் முற்பணத்தில் எவ்வளவு திரும்பும் என்பதை ஒப்பந்தத்தில் எழுத்தில் போடச் சொன்னேன், போட்டார்கள். மருந்து, டயப்பர், வைத்தியரிடம் அழைத்துச் செல்லும் வாகனம் ஆகியன தனிச் செலவு. அதற்கு 18,000 ஒதுக்கினோம். ஆக 93,000.

இனி வரவு. 2025 வரவு செலவுத் திட்டம், 60 வயதுக்கு மேற்பட்டோரின் பத்து இலட்சம் ரூபா வரையான நிலையான வைப்புக்கு 3 வீத மேலதிக வட்டியை அறிவித்தது. வட்டியைத் தவிர்க்கும் எங்களுக்கு அது பயன்படாது. மாமாவின் பணம் இலாபப் பங்கீட்டுக் கணக்கில் இருக்கிறது. அதில் வருமானம் கூடிக்குறையும் என்பதால், குறைந்த மாதத்தை வைத்து 10,000 என்றே போட்டேன். வீட்டு வாடகை 40,000. துண்டு விழுவது 43,000.

"பங்கு பிரிக்கும்போது தங்கச்சிக்கு எங்களில் பாதி, செலவிலும் பாதி போடட்டுமே" என்றார் மூத்தவர் தொலைபேசியில். ஆறு வருடப் பராமரிப்புக்கு அவள் பில் அனுப்பினால் என்ன தொகை வரும் என்று கேட்டேன். பேச்சு அத்தோடு நின்றது. ஆண்மக்கள் இருவரும் தலைக்கு 21,500. மகளிடம் ஒரு சதமும் கேட்கவில்லை. இதைக் கடதாசியில் எழுதி மூவரும் கையெழுத்திட்டார்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்ட நாட்டில் இருக்கிறோம். ஆகவே வருடத்துக்கொருமுறை தொகையை மீள்பார்ப்பது என்றும் சேர்த்தோம்.

இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்த நாளொன்றில், மாமாவைப் பார்க்க ஒரு தோட்டத்து அம்மா வந்தார். முப்பது வருடங்கள் கொழுந்து பறித்தவர். பணிக்கொடைச் சட்டப்படி நாட்சம்பளக்காரருக்கு ஒரு வருடத்துக்குப் பதினான்கு நாள் சம்பளம். 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த 1,350 ரூபா அடிப்படையில் பார்த்தாலும் முப்பது வருடத்துக்கு 5,67,000 ரூபாதான். நாங்கள் பார்த்த இல்லத்தில் ஏழரை மாதத்துக்கு மேல் அது வராது. அவர் ஓய்வுபெற்றதோ அதற்கு எவ்வளவோ முன்னர், எவ்வளவோ குறைந்த சம்பளத்தில். சேமலாப நிதி மொத்தமாகக் கைக்கு வந்தது, மகளின் கலியாணத்தில் போயிற்று. லயத்து அறை தோட்டத்துக்குச் சொந்தம். விற்கவோ வாடகைக்கு விடவோ அவரிடம் எதுவுமில்லை. 5,000 ரூபாவாக உயர்த்தப்பட்ட முதியோர் கொடுப்பனவு கிடைக்கிறதா என்று கேட்டேன். விண்ணப்பிக்கவே இல்லையாம். இளையவர் மறுநாளே அவரைக் கிராம உத்தியோகத்தரிடம் அழைத்துச் சென்றார். எங்கள் கடைகள் இவர்களது சம்பளத்தில்தான் வளர்ந்தன.

இத்தனைக்கும் பிறகு ஒரு விடயம் பாக்கி இருந்தது. மாமாவிடம் நாங்கள் யாரும் சம்மதம் கேட்டிருக்கவில்லை. கேட்டபோது அவர் நீர்த்தேக்கத்தைத்தான் பேசினார். 1985இல் நிறைவுபெற்ற அந்த அணைக்காகக் கிராமங்கள் எழும்பிப் போனதை அவர் கண்ணால் கண்டவர். நீர் வற்றும் காலத்தில் கடதொர விகாரையின் இடிபாடுகள் இன்றும் வெளியே தெரியும். "அவர்கள் திரும்பி வர ஊர் இருக்கவில்லை மகன். எனக்கு வீடு இருக்கட்டும். ஒரு மாதம் இருந்து பார்க்கிறேன்" என்றார். வாடகை ஒப்பந்தத்தில் உடனே ஒரு திருத்தம் செய்தோம்: முன்னறையும் குளியலறையும் பூட்டி எங்கள் வசமே இருக்கும். வாடகை 40,000இலிருந்து 34,000 ஆயிற்று. குறைந்த ஆறாயிரத்தை ஆண்மக்கள் பகிர்ந்துகொண்டார்கள்.

ஜனவரியில் கொண்டுபோய் விட்டோம். ஒரு மாதம் மூன்று மாதமாகிவிட்டது. முன்னறைச் சாவி அவரது தலையணைக்குக் கீழேதான் இருக்கிறது. போன வாரம் பார்க்கப் போனபோது, இல்லத்தின் அரிசி பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, மொத்தக் கடையில் கிலோவுக்கு எட்டு ரூபா குறைத்து வாங்கலாம் என்று மேலாளரோடு வாதாடிக்கொண்டிருந்தார்.